ஒற்றைக் கால் வீக்கம்

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அவள் பிறந்த பதின்மூன்றாம் நாள் நான் செத்துப்போயிருக்க வேண்டியது. காரணம் என்ன என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "சரோஜா காலப் புடிச்சு விட்டா. இரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறிருச்சு." சரோஜா என் கணவர் சிவாவின் அக்கா. எனக்கு மதினி. அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் செய்தது எதுவும் அதில் இல்லை. அதைச் சேர்க்கத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டினால் திட்டட்டும், எனக்கு அது வேண்டும்.

நான் பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கம். கல்யாணமாகித் தலவாக்கலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். டவுனில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை. தமிழிலும் சிங்களத்திலும் கடிதம், விண்ணப்பம், முறைப்பாடு எல்லாம் அடித்துக் கொடுப்பேன். எந்த ஆபீசருக்கு எப்படிச் சொன்னால் வேலை நடக்கும் என்று எனக்கு அத்துப்படி. வாயும் கொஞ்சம் நீளம். சிவா கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறார், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

மதினி கொழுந்து எடுக்கிறவர். அப்போது நாற்பத்திரண்டு வயது. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். பிள்ளை கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தார். பிள்ளையில்லாதவளைப் பச்சைப் பிள்ளைக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா? எங்கள் லயத்தில் மட்டும் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதல் தண்ணி ஊற்ற மதினிக்குத்தான் ஆள் போகும். எத்தனை பிள்ளைகள் அவர் மடியில் குளித்தன என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பாதிப்பேர் "அத்தை" என்று அவர் காம்பராவுக்குள் நுழைந்து எதையாவது தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

கொழுந்து எடுக்க மலைக்குப் போகுமுன்பே பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார். யூக்கலிப்டஸ் இலையும் ஆமணக்கு இலையும் போட்டுத் தண்ணீர் கொதிக்கும். பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை முதலில் தன் கன்னத்தில் தொட்டுச் சூடு பார்ப்பார். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, நடுவில் விழும் பள்ளத்தில் பிள்ளையைப் படுக்கவைத்து, நெஞ்சிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து விரல் நுனிக்கும் உருவுவார். இடது கையும் வலது காலும் தொடுகிற மாதிரி குறுக்கே மடக்கி விரிப்பார். கத்துகிற பிள்ளையிடம், "கொழுந்து எடுக்கவா சாமி கூப்புட்டேன், குளிக்கத்தானே கூப்புட்டேன்?" என்பார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கொட்டாவி விடும். பிறகு தாய்க்கு இடுப்பு, முதுகு, கால் எல்லாம் பிடித்துவிட்டு, சாம்பிராணி போட்டு, கூடையை மாட்டிக்கொண்டு போவார்.

எனக்குப் பிரஷர் ஏறி, எட்டு நாள் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கடைசியில் சீசர் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். போகும்போது நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னார். எழுந்து நட, படுத்தே கிடக்காதே. காயம் ஆறும்வரை எண்ணெய், வெந்நீர், தேய்ப்பது எதுவும் வேண்டாம். நான் நன்றாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் குளிருக்குப் பயந்து கம்பளிக்குள் போனவள்தான், கக்கூசுக்குப் போகத் தவிர எழுந்திருக்கவில்லை. மதினிதான், "கொஞ்சம் வெளிய வந்து நில்லு புள்ள, வெயில் அடிக்குது" என்று கூப்பிடுவார். "வெட்டுன வயித்த வச்சுக்கிட்டு எங்க நிக்கிறது?" என்று எரிந்து விழுவேன். என் வயிற்றை அவர் தொடவில்லை. "சீசர் பண்ண ஒடம்பு, எனக்குப் பயமாருக்கு" என்று கையையும் பாதத்தையும் மட்டும் லேசாகத் தடவிவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒன்பதாம் நாள் காலை என் இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தொட்டால் வலி, தொடாவிட்டாலும் வலி. தொடைவரை வீங்கித் தோல் பளபளத்தது. மதினி வந்ததும் காலை நீட்டி, "புடிச்சு விடுங்க" என்றேன்.

அவர் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்து அளந்தார்.

"ரெண்டு காலும் வீங்குனா தண்ணின்னு சொல்லலாம். ஒத்தக்காலு எதுக்கு வீங்குது? சூடாவேற இருக்கு. எனக்கு இது புடிக்கல விஜி. மிட்வைஃப் மிஸ் வருவாங்கல்ல, காட்டு."

"காட்டுனா திரும்ப வார்டுல போட்டுருவாங்க. நான் போகமாட்டேன். நீங்க புடிச்சு விடுங்க, சரியாயிரும்."

"வேணாம் புள்ள. தெரியாததுல கை வைக்கக்கூடாது."

எனக்குத் தூக்கம் இல்லை, காயம் இழுக்கிறது, பால் கட்டுகிறது, கால் வலி உயிர் போகிறது. இதெல்லாம் சாக்குதான். நான் சொன்னது இது: "ஊரு பொம்பளைக்கெல்லாம் புடிப்பீங்க, எனக்குன்னா கை வலிக்குதா? நீங்க ஒண்ணு பெத்திருந்தா இந்த வலி தெரியும்."

மதினி எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்துவைத்து உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து மேலே உருவிவிட ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பிடித்தார். நான், "அழுத்திப் புடிங்க" என்றேன். அழுத்தினார். வலி கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது. அடுத்த மூன்று நாளும் நானே காலை நீட்டினேன், அவரும் பிடித்துவிட்டார்.

பதினொன்றாம் நாள் மிட்வைஃப் வந்தார். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் கால் இரண்டிலும் கம்பளிக் காலுறை மாட்டி, மேலே போர்வையை இழுத்துக்கொண்டேன். வயிற்றுத் தையலைப் பார்த்தார், பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார், "கால் வலி, காய்ச்சல் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மிஸ், நல்லாருக்கேன்" என்றேன். மதினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும். தலை வாரிக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருப்பியது போல ஒரு குத்து. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது. சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தேன். செத்துவிடுவேன் என்று அந்த நேரமே எனக்குத் தெரிந்தது. சிவா என்னைத் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டார். பிள்ளையை மதினி வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒக்சிஜன் வைத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சளிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருந்து ஏற்றினார்கள். சின்ன வயது டொக்டர் ஒருவர் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் வலித்ததா, வீங்கியதா, வீட்டில் எண்ணெய் போட்டுத் தேய்த்தார்களா, நாட்டு வைத்தியம் ஏதும் செய்தார்களா?

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என் சிங்களம் நல்ல சிங்களம். வீக்கம் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இரண்டு காலிலும் இருந்தது, இப்போது வற்றி வருகிறது என்று அழகாக விளக்கினேன். அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். அது இரண்டிலும் கொஞ்சம் குழி விழுந்தது. எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டில் அத்தனை பேர், அவர் ஒருவர்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், மதினியைக் காப்பாற்றத்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதில்லை. தோட்டத்து ஆள்கள் எண்ணெய் தேய்த்தோம் என்று சொன்னால் வார்டில் எல்லோர் முன்னாலும் ஏச்சு விழும். நான் படித்தவள், கடையில் பத்துப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள், என்னை அப்படி ஏசக்கூடாது. உயிர் போகிற நேரத்தில்கூட அந்த வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மூச்சு இன்னும் மோசமானது. உட்கார்ந்தால்தான் கொஞ்சம் காற்று போகும். எச்சிலில் இரத்தம் தெரிந்தது. மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் சிவாவோடு மதினியும் வந்தார். பிள்ளையை நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்த என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். என் உதட்டைப் பார்த்தார். அது நீலம் பாரித்திருந்ததாகச் சிவா பிறகு சொன்னார். மதினி யாரையும் கேட்காமல் போர்வையை விலக்கி, முன்பு அளந்த மாதிரியே இரண்டு காலையும் கையால் சுற்றி அளந்தார்.

"காலப் பத்திச் சொன்னியா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. "சொல்லாதீங்க மதினி. உங்களத்தான் பேசுவாங்க."

"பேசட்டும். அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேசைக்குப் போனார். அங்கே பெரிய டொக்டர் அம்மா கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். மதினிக்குத் தெரிந்தது கடையில் சாமான் வாங்குகிற சிங்களம். தன் நெஞ்சில் கைவைத்து, "மம தமயி தெல் கேவே" என்றார். நான்தான் எண்ணெய் தேய்த்தேன் என்று. பிறகு வார்த்தை வரவில்லை. குனிந்து தன் இடது காலைப் பிடித்து, கணுக்காலிலிருந்து தொடைவரை இழுத்துக் காட்டினார். நான்கு விரலைக் காட்டினார், நான்கு நாள் என்று. வார்டு முழுக்கப் பார்த்தது.

அந்த டொக்டர் எழுந்து வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அளவு நாடாவால் இரண்டு காலையும் அளந்தார். நர்ஸ்மாரை விரட்டினார். வயிற்றுத் தோலில் ஓர் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மதினியின் பக்கம் திரும்பினார். "இவளைக் கொல்லவா பார்த்தாய்?" என்று உரக்கக் கேட்டார். மதினிக்குப் புரியட்டும் என்று சிற்றூழியர் பெண் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னாள், இன்னும் உரக்க. எனக்கு எதிர்க்கட்டிலில் எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்து மாரியம்மா அக்கா படுத்திருந்தார். அவருக்கும் நன்றாகக் கேட்டது.

'நான்தான் பிடிக்கச் சொன்னேன்' என்று சொல்வதற்கு எனக்கு மூன்று சொல் போதும், சிங்களத்திலும் தமிழிலும். முகத்தில் ஒக்சிஜன் மூடி இருந்தது. அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. மதினியும் அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, "ஆமா தொரசாணி அம்மா, எந் தப்புத்தான்" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்றைக்கே கண்டிக்கு அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அங்கே காலில் ஸ்கேன் பிடித்தார்கள். கையில் மருந்து ஏற்றி, வளையம் மாதிரி இருக்கும் ஒரு இயந்திரத்துக்குள் விட்டு நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவியது. டொக்டர் எனக்கு விளக்கினார். பிள்ளை பெற்ற உடம்பில் இரத்தம் சீக்கிரம் உறையும். அறுவை செய்து அசையாமல் படுத்தால் இன்னும் சீக்கிரம். கால் இரத்தக் குழாய்க்குள் உறைந்த கட்டியில் ஒரு துண்டு கழன்று, இதயத்தைத் தாண்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. அடைத்த இடத்துக்கு இரத்தம் போகாது, அதனால்தான் மூச்சு இழுத்தும் பயன் இல்லை. ஊசியும் மாத்திரையும் கட்டி வளராமல் பார்த்துக்கொள்ளும், இருப்பதை உடம்பே மெல்லக் கரைக்கும் என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள். அங்கே பிள்ளையை விடமாட்டார்கள். மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் அடித்தது. ஒரு சிங்கள நர்ஸ் திரையை இழுத்துவிட்டு என் பாலைப் பீய்ச்சி எடுத்து, கிண்ணத்தை எனக்குக் காட்டாமல் கொண்டுபோய் ஊற்றினார். இரண்டு பேரும் அழுதோம். பத்தாவது நாள் அளவில் பீய்ச்சுவதற்கு ஒன்றும் இல்லை. சிவா தினமும் தலவாக்கலையிலிருந்து பஸ் ஏறி வந்து, போனில் பிள்ளையின் வீடியோவைக் காட்டுவார். கோப்பையில் கரைத்த மாப்பால் குடிக்கிறாள், தும்முகிறாள், தூங்குகிறாள். ஒரு நாள், "யாரு குளிப்பாட்டுறா?" என்று கேட்டேன்.

"ஒங்க அம்மாதான். அக்காவ உள்ள விடல."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? அக்கா தானே தேய்ச்சது" என்றார். கொண்டுவந்த போத்தலைத் திறந்து பூண்டுக்கஞ்சி ஊற்றினார். அம்மா வைத்தது என்றார். அம்மா கஞ்சியில் ஓமம் போடமாட்டாள். அது யார் வைத்த கஞ்சி என்று தெரிந்துதான் குடித்தேன். அப்போதும் சிவாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு விடும் நாளில் கண்டி டொக்டரிடம் கேட்டேன், தேய்த்ததால்தான் வந்ததா என்று. "கட்டி தேய்க்கும் முன்பே இருந்தது. அதனால்தான் வீங்கியது. தேய்த்ததால் கழன்றிருக்கலாம், தானாகவும் கழன்றிருக்கலாம். யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒற்றைக் கால் வீங்கிய முதல் நாளே காட்டியிருந்தால் நீ இங்கே வந்திருக்க மாட்டாய்" என்றார். முதல் நாள் காட்டச் சொன்னது யார்? இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் என் உயிரைப் பிடித்து நிறுத்தியது யார்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனைதான்.

பதினெட்டு நாள் கழித்து வந்து பிள்ளையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள், அம்மாவிடம் போனதும் அடங்கினாள். மதினி வாசலுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கியா விஜி?" என்றார். "உள்ள வாங்க மதினி" என்றேன். அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு சமையல் பக்கம் போனாள். மதினி, "மலைக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

அடுத்த தைக்கு மாரியம்மா அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பழக்கத்தில் மதினி எண்ணெயும் கையுமாகப் போயிருக்கிறார். கதவடியிலேயே, "நீ வேணாம் சரோஜா. பெறாதவ கைய நம்பி ஒரு உசுரு போகப் பாத்தது போதும்" என்று மாரியம்மா அக்கா சொல்லிவிட்டார். என் காதுக்கு அது தண்ணீர்க் குழாயடியில்தான் வந்தது. கேட்டதும் வாளியைப் போட்டுவிட்டு நேராகக் கீழ் லயத்துக்குப் போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மதினி முடியாது என்றார், நான்தான் கட்டாயப்படுத்தினேன், மிட்வைஃபிடம் நான்தான் மறைத்தேன், டொக்டரிடம் நான்தான் பொய் சொன்னேன். இத்தனையும் சொன்னேன், மதினியிடம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

மாரியம்மா அக்கா என் கன்னத்தைத் தடவினார். "ஒனக்கு நல்ல மனசு புள்ள. ஆஸ்பத்திரியிலயே அவளுக்காக மறைச்சவதானே நீ. நாத்தனாள விட்டுக்குடுக்க மாட்ட" என்றார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் அம்மாவிடமும் சிவாவிடமும் சொன்னேன். அவர்களும் அதே மாதிரிதான் பார்த்தார்கள். பொய் சொன்னபோது என்னை எல்லோரும் நம்பினார்கள். உண்மையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மாலை மதினியின் காம்பராவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது மதினி. பெத்திருந்தா தெரியும்னு..."

"எப்ப சொன்ன? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார், அரிசியிலிருந்து தலை எடுக்காமல். முறத்தில் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "புடிச்சது என் கைதானே புள்ள. வேணான்னு எழுந்து போயிருக்கணும்" என்றார். பிறகு மருந்தெல்லாம் சரியாகப் போடுகிறேனா, இரத்தம் பார்க்க எப்போது போக வேண்டும் என்று கேட்டார். ஆறு மாதம் மாதாமாதம் இரத்தம் உறையும் நேரம் பார்க்கப் போனேன், பிறகு மாத்திரையை நிறுத்தினார்கள். கால் இன்றைக்கும் மாலையானால் கனக்கும். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் நான்கு பிள்ளைகள் பிறந்துவிட்டன. ஒரு வீட்டிலிருந்தும் மதினிக்கு ஆள் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடி லயத்துப் படியில் விழுந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் வரவில்லை. நொண்டிக்கொண்டே, வாசலில் உட்கார்ந்திருந்த மதினியிடம் போய், மடியில் காலைத் தூக்கி வைத்தாள்.

"அத்த, காலு வலிக்குது. தேய்ச்சு விடுங்க."

மதினி இரண்டு கையையும் பிள்ளைமேல் படாமல் விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தேய்க்கவா விஜி?"

அந்தத் தையிலிருந்து அவருக்காக ஊர் முழுக்கப் பேசியவள் நான். அந்த நேரம் என் கண் முதலில் போனது பிள்ளையின் காலுக்கு. வீங்கியிருக்கிறதா, ஒரு கால்தானா என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், "தேய்ங்க மதினி" என்றேன்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். பிள்ளையின் காலை மடியிலிருந்து மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார். "ஒண்ணுமில்ல சாமி. அம்மா தேய்ச்சு விடுவாங்க, போ" என்றார். அவள் போகமாட்டேன் என்று அழுதாள். மதினி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.